தைல மூலக்கூறு பறந்த படம்

கிட்ட வாங்க கண்ணுகளா. இந்தக் குளிருக்குத் தள்ளித் தள்ளி உட்கார்ந்தால் கதை உங்கள் காதுக்கு வருவதற்குள் ஆறிப்போகும். போர்வையை இழுத்து மூடிக்கொள்ளுங்கள், கால் விரல் வெளியே தெரியாமல். இன்றைக்கு ராஜா ராணி கிடையாது, பேய் பிசாசு கிடையாது. ஒரு நொடியைப் பத்து லட்சமாகப் பிளந்து, அதில் ஒரே ஒரு துண்டை நாற்பது நாள் உட்கார்ந்து கணக்குப் போட்ட பெண்ணின் கதை. அந்தப் பெண்ணுக்கு வந்த வயிற்றெரிச்சலின் கதை என்றும் சொல்லலாம். முழுதாகச் சொல்லிவிடுகிறேன், நடுவில் எழுந்து போகாதீர்கள்.

அவள் பேர் சுசித்ரா. ஊர், கொடைக்கானல் மலைமேலேயே இருக்கிற போளூர். அப்பா அம்மா உருளைக்கிழங்கும் பூண்டும் போடுகிறவர்கள். அவள் கொடைக்கானலில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். எதைப் பற்றி என்கிறீர்களா? அவள் ஊர்க்காரர்கள் கிழங்கு வெட்டியதும் செய்கிற ஒரு வேலையைப் பற்றித்தான். கிழங்கைக் குவித்து, அதன் மேல் தைல மரத்து இலையை ஒரு சாண் கனத்துக்குப் பரப்பி மூடிவிடுவார்கள். அந்த நெடிக்கு அந்துப்பூச்சி கிட்ட வராது. வந்து முட்டை போட்டுவிட்டால் போச்சு, புழு குடைந்து குவியல் மொத்தமும் அழுகி நாறும். சரி, அந்த நெடி பூச்சியை என்ன செய்கிறது? அதுதான் கேள்வி.

பூச்சியின் உணர்கொம்புக்குள் வாசனையைப் பிடித்துக்கொள்கிற ஒரு புரதம் இருக்கிறது. அதன் நடுவில் ஒரு குழி. தைலத்தின் மூலக்கூறு அந்தக் குழிக்குள் போய் உட்கார்ந்து இடத்தை அடைத்துக்கொண்டால், பூச்சிக்குக் கிழங்கின் வாசனையே தெரியாது. அடைக்காமல் நழுவி ஓடிவிட்டால், இலை போட்டு மூடுவது வெறும் பழக்கம், அவ்வளவுதான். உட்காருகிறதா, ஓடுகிறதா? இதை நேராகக் கண்ணால் பார்க்க ஒரு கண்ணாடியும் கிடையாது. அதனால் கணினிக்குள்ளே ஒரு புரதத்தையும் ஒரு மூலக்கூறையும் கொஞ்சம் தண்ணீரையும் விட்டு, ஒவ்வோர் அணுவும் அடுத்த கணத்தில் எங்கே நகரும் என்று கணக்குப் போடவிட வேண்டும். ஆயிரமாயிரம் அணு, கோடிக்கணக்கான கணம். அந்தக் கணக்கைத்தான் சுசித்ரா போட்டாள்.

லேசான வேலையா அது? மழை நாளில் மின்சாரம் போகும். பேட்டரி கத்தும். விட்ட இடத்திலிருந்து மறுபடி ஓடவிட வேண்டும். கணினியின் பின்பக்கம் வருகிற சூட்டுக்காற்றில் காலை நீட்டிக்கொண்டு, கம்பளித் தொப்பியோடு உட்கார்ந்து, ஓடுகிறதா நின்றதா என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். மூன்று வருஷம் அப்படி. கடைசியில் கையில் கிடைப்பது என்ன? எண்கள். பக்கம் பக்கமாக எண்கள். அதை ஒரு கோட்டுப் படமாகப் போட்டால், கிடையாகப் போகிற ஒரு நடுங்கும் கோடு. அலுவலக உதவியாளர் ராஜ்மோகன் ஒரு நாள் எட்டிப் பார்த்து, "என்ன தாயி இது, யாருக்கு நெஞ்சு வலி?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்த நேரத்தில்தான் அதே ஆராய்ச்சியில் ஜெயப்பிரியா வந்து சேர்ந்தாள். சுசித்ராவை விட மூன்று வயது இளையவள். பழனி அடிவாரத்தில் அவள் அப்பாவுக்குச் சாமிப்படங்களுக்குச் சட்டம் போட்டு விற்கிற கடை. வாய் ஓயாத பெண். வந்த முதல் நாளே சுசித்ராவின் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு, "அக்கா, இது ரொம்ப இதமா இருக்கு, சாயங்காலம் தர்றேன்" என்றவள் மாசக்கணக்கில் தரவில்லை.

சுசித்ரா கொடுத்த எண்களை எடுத்து, மூலக்கூறுகளைப் படமாகக் காட்டுகிற மென்பொருளில் ஏற்றி, இவள் சினிமாவாக ஆக்கினாள். புரதத்தை முறுக்கி விட்ட பட்டு நாடா போலக் காட்டினாள். தைல மூலக்கூறைச் செக்கச் சிவந்த உருண்டைகளாக வைத்தாள். தண்ணீரை முக்கால்வாசி மறைத்துவிட்டு, தூரத்தில் இருப்பதெல்லாம் மூடுபனிக்குள் போனமாதிரி மங்கவைத்தாள்.

"எங்கப்பா சொல்வாருக்கா. சாமிக்கு முகத்துல மட்டும்தான் வெளிச்சம் விழணும், மயிலு வேலெல்லாம் கொஞ்சம் மங்குனாத்தான் கும்பிடத் தோணுமாம். அதையேதான் இங்கயும் பண்ணேன்."

பண்ணினாள், அவ்வளவுதான். கல்லூரியே அந்த அறை வாசலில் கூடிவிட்டது. ராஜ்மோகன் தேநீர்த் தட்டைப் பிடித்தபடி முழுப் படத்தையும் நின்று பார்த்தார். "அடேங்கப்பா! உசுரோட துடிக்குது தாயி! இது எப்பிடி, நீயே வரைஞ்சதா?" என்று ஜெயப்பிரியாவைக் கேட்டார்.

"நான் எங்கண்ணே வரைஞ்சேன்? எல்லாம் சுசி அக்கா போட்ட கணக்கு. நான் சும்மா வெளிச்சம் போட்டேன்."

"வெளிச்சம் போட்டாத்தானே தாயி தெரியுது!" என்று அவர் சிரித்தார்.

கண்ணுகளா, அந்த ஒரு சொல் சுசித்ராவின் தொண்டையில் மீன்முள் மாதிரி மாட்டிக்கொண்டது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ஜெயப்பிரியா பெருமையைப் பூராவும் தானே எடுத்துக்கொண்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அவளோ ஒவ்வொரு தடவையும் 'அக்கா கணக்கு, அக்கா கணக்கு' என்றாள். கேட்கிறவர்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு அவளையே இன்னும் கொஞ்சம் மெச்சினார்கள். கல்லூரிக் கையேட்டின் அட்டையில் அந்தப் பட்டு நாடா வந்தது. உணவகச் சுவரில் பெரிதாக ஒட்டினார்கள். சாப்பிட உட்கார்ந்தால் எதிரே அது. சுசித்ரா சுவரைப் பார்க்காமல் முதுகு காட்டி உட்காரப் பழகினாள். ஜெயப்பிரியா எதிரே வந்து உட்கார்ந்து சுவரைப் பார்த்தபடி, "அந்தச் செவப்பு இன்னும் கொஞ்சம் அடர்த்தியா வெச்சுருக்கலாமோ?" என்பாள். எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுகிறோம் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவே இல்லை.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் பேராசிரியர் பாண்டியம்மாள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"பெங்களூருல பெரிய ஆய்வுக்கூடம் ஒண்ணுல ஆறு மாசம் பயிற்சி. நமக்கு ஒரே ஒரு இடம் குடுத்துருக்காங்க. வர்ற வெள்ளிக்கிழமை நம்ம திட்டத்தைப் பாக்க ஒரு நிபுணர் வர்றாங்க, சௌம்யான்னு. அவங்க முன்னாடி கடைசிக் கணக்கையும் படத்தையும் காட்டுங்க. அதைப் பாத்துட்டு ஒருத்தர் பேரை எழுதுறேன்."

அந்த ஆய்வுக்கூடம் சுசித்ராவுக்கு மூன்று வருஷக் கனவு. இங்கே நாற்பது நாள் ஓடுகிற கணக்கு அங்கே ஒரே நாளில் ஓடும். மின்சாரம் போகாது. அங்கே போய் வந்தால் அவள் ஆராய்ச்சி முடியும், வேலை கிடைக்கும், போளூரில் அம்மாவிடம் 'உன் மக எப்பத்தான் படிச்சு முடிப்பா?' என்று கேட்கிறவர்கள் வாய் மூடும். அந்த இடம் தனக்குத்தான் என்று அவள் எப்போதோ முடிவு செய்து வைத்திருந்தாள். இப்போது அந்த இடத்துக்குப் பக்கத்தில் பட்டு நாடாவும் சிவப்பு உருண்டையும் வந்து நின்றன.

கடைசிக் கணக்கு புதன்கிழமை காலையில் முடிந்தது. இங்கேதான் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், கதையின் முடிச்சு இதில்தான் இருக்கிறது.

கடல் அளவு தண்ணீரைக் கணினியால் கணக்குப் போட முடியாது. அதனால் புரதத்தை ஒரு சின்னப் பெட்டிக்குள் விடுவார்கள். அந்தப் பெட்டிக்கு ஒரு விதி உண்டு. இடது சுவரைத் தாண்டி வெளியே போகிற எதுவும் அதே கணத்தில் வலது சுவர் வழியாக உள்ளே வந்துவிடும். கணக்குக்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை. படத்துக்குத்தான் வம்பு. புரதமும் அதன் குழிக்குள் இருக்கிற மூலக்கூறும் சேர்ந்தே மிதந்து சுவரோரம் போகும். மூலக்கூறு மட்டும் ஒரு மயிரிழை சுவரைத் தாண்டினால், திரையில் அது திடுக்கென்று பெட்டியின் மறுகோடியில் தெரியும். உண்மையில் இரண்டும் பிரியவே இல்லை. பார்க்கிறவர் கண்ணுக்கோ பிய்த்துக்கொண்டு பறந்த மாதிரி இருக்கும். ஆகவே படம் செய்கிறவர் கையில் கொடுப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் புரதத்தைச் சுற்றி இழுத்து வைக்க வேண்டும். 'பெட்டியைச் சரிபண்றது' என்பாள் சுசித்ரா. ஒவ்வொரு தடவையும் அவளே சரிபண்ணி, அவளே பொதுக் கோப்புறையில் போடுவாள். அப்படி ஒரு வேலை இருப்பதையே ஜெயப்பிரியாவிடம் அவள் சொன்னதில்லை. சொல்லாமல் விட்டதற்கும் காரணம் உங்களுக்குத் தெரியும்.

அன்றைக்குக் கோப்பைத் திறந்து பார்த்தாள். ஜோடி சுவரோரம் போயிருந்தது. மூலக்கூறு நாலைந்து இடத்தில் எகிறிக் குதித்தது. எண்களைப் பார்த்தாள். தூரம் மாறவே இல்லை. குழிக்குள்ளேயே கெட்டியாக உட்கார்ந்திருந்தது. மூன்று வருஷம் காத்திருந்த பதில். சந்தோஷப்பட வேண்டிய பெண், கண்ணுகளா, கதவுக்கு வெளியே ஜெயப்பிரியாவின் சிரிப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

'கணக்கும் தெரியுமா அவளுக்கு? தெரிஞ்சா அவளே கண்டுபிடிக்கட்டும். வர்றவங்க பெரிய நிபுணர், பாத்ததும் பிடிச்சுருவாங்க. அப்ப எந்திரிச்சு நான் விளக்குறேன். யாருக்கு வேலை தெரியும்னு அப்பத் தெரியட்டும்.'

சரிபண்ணாத கோப்பை அப்படியே பொதுக் கோப்புறையில் போட்டாள். கை நடுங்கியது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். நடுங்கவே இல்லை.

மறுநாள் மத்தியானம் ஜெயப்பிரியா ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்தாள். "அக்கா! அக்கா! வெரசா வாங்க! பறந்துருச்சுக்கா!"

திரையில் பட்டு நாடா மெல்ல அசைந்தது. நடுவில் சிவப்பு உருண்டை துள்ளியது. அப்புறம் சட்டென்று குழி காலி. மூடுபனிக்கு அப்பால், பெட்டியின் அந்தக் கோடியில், சிவப்பு மினுங்கியது. அந்தத் தாவல் வெட்டுப்பட்ட மாதிரி இருக்கக் கூடாது என்று ஜெயப்பிரியா முன்பின் சட்டகங்களைச் சேர்த்து இழைத்துவிட்டிருந்தாள். இழைத்த பிறகு அது தாவலாகத் தெரியவில்லை. புரதத்தைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் பறந்து போவது போலவே தெரிந்தது. சத்தியமாக அழகாக இருந்தது.

"எப்பிடி? இப்பிடி ஒண்ணு நம்ம இதுவரைக்கும் பாத்ததே இல்லையே! உங்க கணக்குலயும் இதானே வந்துச்சு?"

வாயைத் திறந்தால் ஒரு வாக்கியம். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

"ம்... நல்லாருக்கு" என்றாள் சுசித்ரா.

"அவ்ளோதானா? நீங்க ஒரு வார்த்தை நல்லா சொல்லணும்னு காலையிலருந்து சாப்பிடாம உக்காந்து பண்ணுனேன்க்கா."

"நல்லாருக்குன்னுதானே சொல்றேன். போய்ச் சாப்புடு."

அன்று அவளுக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. நிபுணர் சௌம்யா சென்னையிலிருந்து வந்திருந்தார், கனத்த கம்பளிச் சட்டையும் சளி பிடித்த மூக்குமாக. இந்தத் திட்டமே கிழங்கு விவசாயிகளுக்காக என்பதால், போளூரிலிருந்து ஒரு விவசாயியையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் நல்லுசாமி, சுசித்ராவுக்குப் பெரியப்பா முறை. தோளில் மண் ஒட்டிய துண்டோடு முன்வரிசையில் உட்கார்ந்து, "ஏத்தா சுசி, உன் படம் எப்ப?" என்று சத்தமாகக் கேட்டார். "என் படம் இல்ல பெரியப்பா, அவ படம்" என்றாள் சுசித்ரா பல்லைக் கடித்துக்கொண்டு.

விளக்கை அணைத்தார்கள். திரையில் முதலில் எழுத்து வந்தது. பெரிய எழுத்தில், தனி வரியில்: 'கணக்கு: சுசித்ரா.' அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: 'காட்சி: ஜெயப்பிரியா.'

சுசித்ராவுக்கு உடம்பு குப்பென்று வேர்த்தது, அந்தக் குளிரில். அந்தப் பிள்ளை தன் பேரைச் சிறிதாக்கி இவள் பேரைத் தலையில் தூக்கி வைத்திருந்தது. வைத்த கண்ணியில் இவள் பேரும் சேர்ந்தே மாட்டியிருந்தது.

படம் ஓடியது. சிவப்பு பறந்தது. அறையில் ஒரு "ஆ!" எழுந்தது. இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று சுசித்ரா நாற்காலி நுனியில் காத்திருந்தாள்.

சௌம்யா கைதட்டினார்.

"ரொம்பப் பிரமாதம்! நான் இருபது வருஷமாப் பூச்சிகளோட இருக்கேன். உணர்கொம்பை வெட்டி நுண்ணோக்கியில பாத்திருக்கேன். உள்ள நடக்கிறதை இவ்வளவு தெளிவா யாரும் எனக்குக் காட்டினதில்ல. மூலக்கூறு உள்ள போய், துளைச்சு, வெளியில போயிடுது இல்லையா? யாரும்மா இந்தப் படம் பண்ணது?"

பாருங்கள் கூத்தை! வந்தவர் பூச்சியைப் படித்தவர். பெட்டியும் சுவரும் அவருக்கு எப்படித் தெரியும்? அவர் எந்தத் துறை என்று கேட்க வேண்டும் என்றுகூட சுசித்ராவுக்குத் தோன்றியிருக்கவில்லை. பேராசிரியர் பாண்டியம்மாளோ கணக்கெல்லாம் சுசித்ரா பொறுப்பு என்று முழுசாக நம்பி உட்கார்ந்திருந்தார். பள்ளத்தைத் தோண்டியவள் இவள். அதில் விழ வேண்டியவள் பூமாலையோடு மேலே வருகிறாள். ஜெயப்பிரியா எழுந்து நின்று, முகமெல்லாம் பல்லாகக் கும்பிட்டாள். சௌம்யா பாண்டியம்மாள் பக்கம் சாய்ந்து என்னவோ சொல்ல, அவர் தலையாட்டிப் பேனாவைத் திறந்தார்.

போச்சு. எழுதப்போகிறார். சொன்னால் தன் குட்டு வெளிப்படும், சொல்லாவிட்டால் இடம் போகும். சுசித்ராவின் வயிற்றில் எரிந்தது உச்சந்தலைக்கு ஏறியது. அப்படியும் அவள் வாய் திறக்கவில்லை, கண்ணுகளா. உள்ளதைச் சொல்கிறேன்.

அப்போது நல்லுசாமி கையைத் தூக்கினார்.

"அம்மா, ஒரு சந்தேகம். அந்தச் செவப்புதானே நம்ம தைல இலை?"

"ஆமாங்கய்யா."

"அது பூச்சி மூக்குல நிக்காமப் பறந்துருதுன்னா, நாங்க இலை வெட்டிச் சொமந்து மூடுறதெல்லாம் வெட்டிச் சோலிங்களா?"

சௌம்யா கொஞ்சம் யோசித்தார். "இந்தப் படத்தை வெச்சுப் பாத்தா... அப்படித்தான் தோணுது. அது அடைச்சுக்கிட்டு நிக்கலையே."

"அதானே! எங்க வீட்டுக்காரியும் அப்பவே சொன்னா. போன மாசம் ஒருத்தரு வந்து பூச்சி மருந்துன்னு வெள்ளைத் தூளு ஒண்ணைத் தூவச் சொன்னாரு. சாப்புடுற கிழங்குல தூவுறதான்னு யோசிச்சுக்கிட்டுக் கெடந்தேன். நாளைக்கு வெள்ளனே கிழங்கு வெட்டுறோம். அப்ப இந்தத் தடவை ஊருக்கே சொல்லிர்றேன், இலை வேணாம், தூளையே தூவிருவோம்னு."

ஊருக்கே என்றால் யாருக்கு? அவள் அம்மாவும் அந்த ஊரில்தான் கிழங்கு வெட்டுகிறாள். அந்தக் கிழங்கைத்தான் அவள் தம்பி பிள்ளை தின்கிறது. சுசித்ரா எழுந்தது அவளுக்கே தெரியவில்லை. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்த சத்தத்தில்தான் எல்லோரும் திரும்பினார்கள்.

"பெரியப்பா, வேணாம்! மேடம், அது பறக்கல."

"பறக்கலையா? கண்ணால பாத்தோமேம்மா?"

"கண்ணுக்குத்தான் மேடம் அப்பிடி." அவள் விடுவிடுவென்று போய்த் தன் கோட்டுப் படத்தைத் திரையில் போட்டாள். கிடையாகப் போகும் நடுங்கும் கோடு. "குழிக்கும் மூலக்கூறுக்கும் நடுவுல உள்ள தூரம் மேடம் இது. முதல்லருந்து கடைசி வரைக்கும் மாறவே இல்ல. அது உள்ளயே அடைச்சுக்கிட்டுத்தான் இருக்கு." பெட்டியைச் சொன்னாள், சுவரைச் சொன்னாள், இந்தப் பக்கம் போனது அந்தப் பக்கம் தெரிவதைச் சொன்னாள். நல்லுசாமிக்குக்கூடப் புரிகிற மாதிரி சொன்னாள். அவ்வளவு தெளிவாக அவள் வாழ்நாளில் பேசியதில்லை.

சௌம்யா மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "சரிம்மா. இது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"புதன்கிழமை."

"படம் பண்ற பொண்ணுகிட்ட சரிபண்ணிக் குடுக்க மறந்துட்டீங்களா?"

தப்பித்துக்கொள்ள வழி அங்கே திறந்தே கிடந்தது. ஆமாம் என்றால் முடிந்தது. மறதி யாருக்கு இல்லை? அவள் ஜெயப்பிரியாவைப் பார்த்தாள். அந்த முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றிருந்தது.

"மறக்கல மேடம். தெரிஞ்சேதான் குடுத்தேன்."

ராஜ்மோகன் விளக்கைப் போட்டார்.

வராந்தாவில் ஜெயப்பிரியா பிடித்துக்கொண்டாள். கண் சிவந்திருந்தது. "நேத்து உங்களைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து காட்டுனேன்ல? பக்கத்துலதானே நின்னீங்க? நல்லாருக்குன்னீங்கள்ல?"

சுசித்ரா தலையை மட்டும் ஆட்டினாள்.

"என்னக்கா பண்ணேன் நான் உங்களுக்கு? சால்வைக்கா?" என்று அதை உருவி இவள் கையில் திணித்துவிட்டுப் போனாள். எத்தனையோ நாளாகத் திரும்பி வராத சால்வை. வாங்கிக்கொண்டபோது அது கல்லாகக் கனத்தது.

அடுத்தது பேராசிரியர் அறை. திட்டுவார் என்று நினைத்தாள். திட்டவில்லை, அதுதான் கொடுமை.

"பெட்டியைச் சரிபண்றது எப்பிடின்னு அவளுக்கு ஒரு நாளாச்சும் சொல்லிக் குடுத்தியா?"

"இல்ல மேடம்."

"இன்னைக்கு நீ சொன்ன மாதிரி வகுப்புல நான்கூடச் சொன்னதில்ல. இதுல உனக்குத் தெரியாதது ஒண்ணும் பாக்கி இல்லன்னு நீயே நிரூபிச்சுட்டே. பயிற்சி யாருக்கு? தெரியாதவங்களுக்கு. அழகா இருக்குன்னதும் அளந்து பாக்காம விட்டா பாரு, அவளுக்குத்தான் அது வேணும். ஜெயப்பிரியா பேரைத்தான் எழுதப்போறேன்."

"மேடம், அது எனக்கு..."

"தெரியும். மூணு வருஷமாத் தெரியும். புதன்கிழமை காலையில கோப்பைச் சரிபண்ணிப் போட்டிருந்தா, உன் பேரைத்தான் எழுதியிருப்பேன். போ. நாளைக்குள்ள சரியான கோப்பை அவகிட்டக் குடு. குடுக்குறது மட்டும் போதாது, எப்பிடின்னும் காட்டு."

மறுநாள் இரண்டு பேரும் ஒரே கணினி முன்னால் உட்கார்ந்தார்கள், நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு. சுசித்ரா தட்டினாள். முதல் வரி, புரதத்தை நடுவில் வை. இரண்டாவது வரி, மற்றதை அதைச் சுற்றி வை. ஓடவிட்டாள். எகிறிக் குதித்த சிவப்பு அடங்கி, குழிக்குள் போய் உட்கார்ந்தது.

ஜெயப்பிரியா திரையையே பார்த்தாள். "ரெண்டே வரியா?"

"ரெண்டே வரி."

"இந்த ரெண்டு வரிக்குத்தானாக்கா?"

சுசித்ரா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். "நீ வெளிச்சம் போட்டதாலதான் எல்லாரும் பாத்தாங்க. அது எனக்குப் பொறுக்கல. வேற ஒண்ணும் இல்ல" என்றாள். ஜெயப்பிரியா மூக்கை உறிஞ்சினாள். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. "அந்த ரெண்டாவது வரியை மறுபடி மெதுவா அடிங்க, எழுதிக்கிறேன்" என்றாள்.

புதுப் படத்தில் ஒரு கூத்தும் இல்லை. நாடா அசையும், சிவப்பு குழிக்குள் கிடந்து நடுங்கும், நாலு நிமிஷமும் அதேதான். சுசித்ரா அதை நல்லுசாமிக்குக் கைப்பேசியில் அனுப்பினாள். அவர் உடனே கூப்பிட்டார்.

"ஏத்தா, நகரவே மாட்டேங்குது? படம் நின்னுபோச்சா?"

"ஓடுது பெரியப்பா. அதுதான் நகராம இருக்கு."

"அப்ப இலையவே போட்டுர்றோம். ஆனா ஒண்ணு, மொதப் படம்தான் பாக்க நல்லாருந்துச்சு."

அதற்கும் அவளுக்குச் சுருக்கென்றது. பாருங்கள், அவ்வளவு நடந்த பிறகும்!

ஜெயப்பிரியா கிளம்பிய காலையில் சுசித்ரா பேருந்து நிலையத்துக்குப் போகவில்லை. வண்டி வத்தலக்குண்டில் இறங்கியிருக்கும், திண்டுக்கல் தாண்டியிருக்கும் என்று அறையில் உட்கார்ந்து மனசுக்குள்ளேயே கூடப் போய்க்கொண்டிருந்தாள். நாலாம் நாள் கைப்பேசியில் ஒரு படம் வந்தது. வரிசை வரிசையாக, ஆள் உயரத்துக்குக் கணினிகள், பச்சை விளக்குகள். கீழே எழுதியிருந்தது: "அக்கா, இங்க நம்ம கணக்கு ஒரு நாள்ல ஓடுதுக்கா. ஆனா இதுல புரதம் ரெண்டு இருக்கு. பெட்டியைச் சரிபண்ணா ஒண்ணு இங்க ஒண்ணு அங்க போகுது. என்ன பண்ணணும்?"

சுசித்ரா அந்தப் பச்சை விளக்குகளை எண்ணினாள். ஒவ்வொன்றும் அவள் நெஞ்சில் ஒரு பொட்டுக் கங்கு. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். அரிசி களைந்தாள். சோறு வடித்தாள். துணியை எடுத்து மடித்தாள், மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். முக்கால் மணி நேரம் அந்தப் பிள்ளையைக் காக்கவைத்தாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது. அப்புறம் எடுத்து, முதலில் இரண்டு புரதத்தையும் ஒரே கூட்டமாகச் சேர்க்க வேண்டும், பிறகு நடுவில் வைக்க வேண்டும், கடைசியில் தூரத்தை அளந்து பார்க்காமல் படத்தை நம்பக் கூடாது என்று ஒரு வரிகூட ஒளிக்காமல் எழுதி அனுப்பினாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டில் விளக்கு எரியட்டும், உலை கொதிக்கட்டும். கூடப் பிறந்தவர்களும் கூட வேலை செய்கிறவர்களும் ஒருத்தர் உயர்வை ஒருத்தர் பொறுத்துக்கொள்ளட்டும். பொறுக்க முடியாமல் என்றைக்காவது வயிறு எரிந்தால், அந்த எரிச்சல் ஒரு சோறு வடிக்கிற நேரத்துக்கு மேல் உங்கள் வாசலில் தங்காமல் போகட்டும். நன்றாக இருங்கள், பிள்ளைகளும் நீங்களும்.